பேஸ்மேக்கரும் உடல் உழைப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதயத் துடிப்பை மின்னால் தூண்டும் சிறு மெஷினான பேஸ்மேக்கரை வைத்துக்கொண்டு திருகோணமலையில் நடமாடுகிறவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கதிரையில் இருக்கும்போது சுகமாக இருந்து, எழும்பி வேலை செய்யும்போது மட்டும் இளைத்தால், 'வயசு போனால் அப்படித்தான்' என்று விட்டுவிடாதீர்கள். பேஸ்மேக்கர் எந்த முறையில், எந்த எண்களில் ஓடுகிறது என்று பார்த்துத் திருத்தினால் தீரும் களைப்பு நிறைய உண்டு. அந்தத் திருத்தத்துக்குப் பெரும்பாலும் கத்தி வைக்கத் தேவையில்லை. மெஷினை வெளியிலிருந்தே வாசித்து மாற்றும் கருவியான புரோகிராமரின் முனையைத் தோளருகே பிடித்து, திரையில் எண்ணை மாற்றுவதோடு முடிந்துவிடும்.

வீட்டுக்குள் ஒன்றுமில்லை. கோணேசர் கோயிலுக்குக் கோட்டை வாசலால் ஏறினால் பாதி வழியில் கால் நகராது. மெஷின் வேலை செய்யவில்லையா?

மெஷின் சொன்னதைச் செய்துகொண்டிருக்கலாம். அதற்குச் சொல்லியிருப்பதுதான் ஏற்றத்துக்குப் போதாமல் இருக்கும்.

ஒரு நிமிடத்தில் இதயம் தள்ளும் இரத்தம் என்பது, ஒரு துடிப்பில் தள்ளும் அளவைத் துடிப்பு எண்ணிக்கையால் பெருக்கிவருவது. சும்மா இருக்கும்போது ஒரு துடிப்புக்கு 80 மில்லிலீற்றர், நிமிடத்துக்கு 60 துடிப்பு என்று வைத்தால் 4.8 லீற்றர். அது போதும். ஏற்றத்தில் நடக்க 10 லீற்றர் தேவைப்படுகிறது என்று வைப்போம். நல்ல இதயம் துடிப்பை 100க்கு ஏற்றி, ஒவ்வொரு துடிப்பிலும் 100 மில்லிலீற்றர் தள்ளிக் கணக்கைச் சரிசெய்யும். பேஸ்மேக்கர் 60இல் மாறாமல் நின்றால், ஒரே துடிப்பில் 165க்கு மேல் தள்ளவேண்டிவரும். வயதான இதயத்துக்கு அது ஏலாது. 110 வரை தள்ளினாலும் 6.6 லீற்றரோடு நின்றுவிடும். மிச்சத்தை ஈடுகட்ட, வருகிற இரத்தத்திலிருந்து தசை வழமையைவிடக் கூடுதலாக ஒட்சிசனைப் பிழிந்தெடுக்கும். அதற்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைத் தொடும்போதுதான் கால் கனக்கிறது, மூச்சு வாங்குகிறது.

உழைப்பின்போது இரத்த ஓட்டத்தைக் கூட்டுவதில் பெரிய பங்கு துடிப்பு வேகத்துக்குத்தான். ஆகவே முதலில் கேட்கவேண்டிய கேள்வி: நடக்கும்போது என் துடிப்பு ஏறுகிறதா?

மெஷினோடு தந்த கார்டில் விவிஐ, விவிஐஆர், டிடிடி என்று என்னென்னவோ இருக்கிறது. எப்படி வாசிப்பது?

முதல் எழுத்து இதயத்தின் எந்த அறையைத் தூண்டுகிறது, இரண்டாவது எந்த அறையைக் கேட்கிறது, மூன்றாவது கேட்டதும் என்ன செய்கிறது. ஏ மேலறை, வி கீழறை, டி இரண்டும். மூன்றாவது இடத்தில் ஐ இருந்தால், இதயம் தானாகத் துடித்தபோது மெஷின் விலகி நிற்கும். டி இருந்தால் விலகவும் செய்யும், மேலறைத் துடிப்பைப் பின்தொடர்ந்து கீழறையைத் தூண்டவும் செய்யும். கடைசியில் ஆர் இருந்தால் உடல் அசைவையோ மூச்சையோ பார்த்து வேகத்தைத் தானே கூட்டும் சென்சர் திறந்திருக்கிறது என்று பொருள்.

பக்கத்தில் 60–130 என்று இருந்தால் அவை கீழ் எல்லையும் மேல் எல்லையும். டிடிடிஆரில் மேல் எல்லை இரண்டு இருக்கும். மேலறையைப் பின்தொடர ஒன்று, சென்சர் ஏற்ற மற்றது. இரண்டும் ஒரே எண்ணாக இருக்கவேண்டும் என்றில்லை.

மெஷினிலிருந்து இதயத்துக்குப் போவது எனக்கு ஒரு வயர்தான். இரண்டு வயர் வைத்தவர்கள் நன்றாக நடப்பார்களா?

அந்த ஒரு வயர் விவிஐயில் நிற்கிறதா, விவிஐஆரில் நிற்கிறதா என்பதைப் பொறுத்தது. விவிஐயில் ஏற்றம் கஷ்டம். விவிஐஆரில் சென்சர் ஒழுங்காகச் செட் பண்ணியிருந்தால், ஓட்டப் பரிசோதனையில் பலர் டிடிடி வைத்தவர்களுக்குக் கிட்டத்தட்டச் சமமாகச் செய்கிறார்கள். உழைப்பில் முந்துவது துடிப்பு எண்ணிக்கை. மேலறை முதல், கீழறை அடுத்து என்ற ஒழுங்கு அதற்குப் பின்தான்.

ஆனால் அந்த ஒழுங்கைச் சின்ன விஷயமாக எண்ணவேண்டாம். கீழறை நிரம்புவதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை மேலறையின் கடைசிச் சுருக்கம்தான் தருகிறது. கீழறைச் சுவர் தடித்து விறைத்தவர்களுக்கு, நெடுங்காலப் பிரஷர்காரருக்கு, இந்தப் பங்கு இன்னும் கூடும். அவர்களை விவிஐஆரில் விட்டால் எண் ஏறும், இளைப்பு குறையாது.

நடக்காமல் இருக்கும்போதே கழுத்தில் அடிக்கிறது, தலை சுற்றுகிறது. இதுவும் அதுதானா?

இது வேறு. பேஸ்மேக்கர் சிண்ட்ரோம் என்பார்கள். கீழறை மட்டும் தூண்டப்படும்போது, மூடிய வால்வுக்கு எதிராக மேலறை சுருங்குகிறது. இரத்தம் முன்னே போக வழியின்றிக் கழுத்து நாளத்துக்குத் திரும்பி அடிக்கிறது, பிரஷர் விழுகிறது. சிலரில் கீழறையின் மின்னோட்டம் பின்னோக்கி ஏறி, ஒவ்வொரு துடிப்பிலும் மேலறையைப் பிழையான நேரத்தில் எழுப்பும். அவர்களுக்குத்தான் இது கடுமை. 1998இல் வெளியான பேஸ் ஆய்வில் 65 வயதும் அதற்கு மேலுமான 407 பேருக்கு இரண்டு வயர் மெஷின் வைத்து, ஒரு பகுதியினரை விவிஐஆரில் ஓடவிட்டார்கள். அவர்களில் 26 சதவீதமானோரை இந்தச் சிண்ட்ரோம் காரணமாக டிடிடிஆருக்கு மாற்ற வேண்டிவந்தது. அரிய நோய் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

இரண்டு வயர் இருப்பவருக்கு முறையை மாற்றினால் அன்றைக்கே வித்தியாசம் தெரியும். ஒரு வயர்காரருக்குக் கீழ் எல்லையைக் குறைத்து, சொந்தத் துடிப்புக்கு இடம்விட்டுப் பார்ப்பார்கள். சரிவராவிட்டால் இரண்டாவது வயர்.

எனக்கு டிடிடி. நிலாவெளி றோட்டில் சைக்கிள் மிதிக்கும்போது நன்றாகப் போய்க்கொண்டிருந்து, திடீரென்று சுவிட்சை அணைத்த மாதிரிப் பலம் போகிறது. நின்றால் சரியாகிவிடுகிறது. ஏன்?

இளவயதில் ஹார்ட் புளொக்குக்காக, அதாவது மேலறையின் மின்னோட்டம் கீழறைக்கு ஒழுங்காகப் போகாத கோளாறுக்காக, டிடிடி வைத்தவர்கள் இப்படிச் சொன்னால், முதலில் ஒரு கூட்டல் கணக்கைப் போட்டுப் பார்க்கவேண்டும்.

மேலறைத் துடிப்பைக் கேட்டதும் மெஷின் சிறிது நேரம் பொறுத்துக் கீழறையைத் தூண்டும். அது ஏவி இடைவெளி. தூண்டிய பிறகு குறிப்பிட்ட நேரம் மேலறைப் பக்கம் காதை மூடிக்கொள்ளும். பின்னோக்கி வரும் ஓட்டத்தைப் புதிய துடிப்பென்று எண்ணி, தன்னைத்தானே துரத்தி வேகமாக ஓடாமல் இருக்க அந்த ஏற்பாடு. இதற்குப் பெயர் பீவார்ப். இரண்டையும் கூட்டி 60,000ஐ அதால் பிரித்தால், மெஷினால் ஒன்றுக்கு ஒன்றாகப் பின்தொடரக்கூடிய கடைசி வேகம் வரும்.

ஏவி 180 மில்லிசெக்கன், பீவார்ப் 320 என்றால் கூட்டுத்தொகை 500. அதாவது நிமிடத்துக்கு 120. சைக்கிள் மிதித்து உங்கள் சொந்த மேலறை 121ஐத் தொட்டதும், ஒன்றுவிட்டு ஒரு துடிப்பு காது மூடிய நேரத்தில் விழும். கீழறை 120இலிருந்து ஒரே அடியில் 60க்கு இறங்கும். உழைப்பின் உச்சத்தில் இரத்த ஓட்டம் பாதியாகிறது. சுவிட்சை அணைத்த மாதிரி இருப்பது அதனால்தான். நின்று மூச்சு வாங்கினால் மேலறை 120க்குக் கீழே வரும், மறுபடி ஒன்றுக்கு ஒன்று, எல்லாம் சரி. கிளினிக்கில் படுத்திருக்கையில் எடுக்கும் ஈசீஜியில் இது ஒருபோதும் தெரியாது.

திருத்துவது இப்படி. உழைப்பின்போது ஏவி இடைவெளி தானாகக் குறுகும் வசதியைத் திறக்கவேண்டும். இயற்கையான இதயத்திலும் துடிப்பு 10 கூடும்போது இந்த இடைவெளி ஏறத்தாழ 4 மில்லிசெக்கன் சுருங்குகிறது. பீவார்ப்பையும் வேகத்தோடு குறையும்படி வைக்கவேண்டும். உழைப்பில் 100உம் 220உம் ஆனால் கூட்டுத்தொகை 320, வேகம் 187. பிறகு பின்தொடரும் மேல் எல்லையை, வயதுக்கேற்ப, 140 அல்லது 150க்கு உயர்த்தலாம். இந்த மேல் எல்லைக்கும் அந்த 187க்கும் நடுவில் இடம் இருப்பது முக்கியம். மேலறை 150ஐத் தாண்டினாலும் மெஷின் ஏவி இடைவெளியை நீட்டி நீட்டி இடைக்கிடை ஒரு துடிப்பை மட்டும் விடும். பாதியாக விழாது. சென்சரையும் திறந்துவைத்தால், விழுந்தாலும் 60 வரை போகாமல் தாங்கிக்கொள்ளும்.

ஒரு கவனம்: பீவார்ப்பைக் குறைத்தால் மெஷின் தன்னைத் துரத்தும் ஓட்டத்துக்கு வாசல் திறக்கலாம். பின்னோக்கி மின்னோட்டம் போகிறவரா என்று முதலில் சோதித்துவிட்டுத்தான் கைவைக்கவேண்டும்.

35 வயதுக் கடற்றொழிலாளிக்கு மேல் எல்லை 120 என்றே விட்டிருப்பதை நாம் பிழை என்றுதான் சொல்வோம். கொம்பனி போட்டு அனுப்பும் எண் அது. 220இல் வயதைக் கழிக்கும் கணக்குப்படி அவருடைய உச்சம் 185.

சென்சர் திறந்திருக்கிறது என்கிறார்கள். ஆனால் பஸ்ஸில் போகும்போது நெஞ்சு படபடக்கிறது. சைக்கிளிலோ கரைவலை இழுக்கும்போதோ ஏறுவதேயில்லை.

சென்சருக்கு உங்கள் உழைப்பு தெரியாது. அதற்குத் தெரிந்தது ஓர் அடையாளம் மட்டும்.

அதிகமாக இருப்பது அசைவுமானி. நெஞ்சு முன்பின்னாக ஆடுவதை அளக்கும். நடைக்கு நல்லது, சில செக்கன்களில் பதில் தரும். சைக்கிளில் கால்தான் சுற்றுகிறது, நெஞ்சு அசையாமல் நிற்கிறது, ஆகவே அது தூங்கும். கரைவலையில் கயிற்றை இடுப்பில் கொடுத்து, மணலில் குதிக்காலைப் புதைத்து, பின்பக்கமாக அங்குலம் அங்குலமாக நகர்கிறீர்கள். அந்த அசைவை மெஷின் மெதுநடை என்று கணக்குப்போடும். முதுகும் கையும் முழுப்பலத்தில் இழுப்பது அதற்குத் தெரியாது. பழுதான றோட்டில் ஆட்டோவோ பஸ்ஸோ உலுப்பினால் நடப்பதாக எண்ணி ஏற்றும். அதிர்வை அளக்கும் பழைய வகைகளில் இன்னொரு கோளாறு: படி இறங்கும்போது கால் தொம் தொம் என்று விழுவதால், ஏறும்போதைவிட இறங்கும்போது துடிப்புக் கூடும்.

மூச்சை அளக்கும் வகை, நெஞ்சின் மின்தடை மாறுவதைப் பார்த்து எவ்வளவு காற்று போய்வருகிறது என்று கணிக்கும். சைக்கிளுக்கும் வலைக்கும் இது பொருத்தம். ஆனால் தொடக்கத்தில் மந்தம். அதனால் முதல் ஐந்து நிமிடம் மெதுவாகத் தொடங்குவது நல்லது. வார்டில் மொனிற்றர் பூட்டியிருக்கையில் காரணமின்றித் துடிப்பு ஏறினால் இந்த வகையா என்று பாருங்கள். மொனிற்றரும் அதே மின்தடையைத்தான் அளக்கிறது, இரண்டும் குழம்பும். சில மெஷின்களில் அசைவு, மூச்சு இரண்டும் கலந்திருக்கும், ஒன்றை மட்டும் திறந்துவிட்டிருப்பார்கள். கேளுங்கள். கீழறை சுருங்கும் விதத்தையே வயரால் உணர்ந்து வேகம் வைக்கும் வகையும் உண்டு, அது மனப்பதற்றத்துக்கும் ஏறும்.

திருத்தக்கூடியவை: எவ்வளவு அசைந்தால் விழிக்கவேண்டும், எவ்வளவு சரிவாக ஏறவேண்டும், எவ்வளவு நேரத்தில் ஏறி எவ்வளவு நேரத்தில் இறங்கவேண்டும். பஸ் படபடப்புக்கு விழிக்கும் அளவை ஒரு படி உயர்த்துவார்கள். சென்சரையே மூடிவிடச் சொல்லிக் கேட்காதீர்கள்.

இடது கையால் கயிறு இழுக்கும்போது மட்டும் கண் இருட்டுகிறது.

இதைக் களைப்போடு சேர்க்கவேண்டாம், விரைவில் காட்டவேண்டும். பேஸ்மேக்கர் இருக்கும் பக்கத்து மார்புத் தசை இறுகும்போது எழும் மின்சத்தத்தை மெஷின் இதயத் துடிப்பென்று எண்ணி, தூண்டாமல் நின்றுவிடலாம். ஒற்றை முனை உணர்வில், அதாவது வயர் நுனிக்கும் மெஷின் பெட்டிக்கும் இடையில் கேட்கும்படி, வைத்த வயர்களில் இது கூடுதல். வயரின் உறை தேய்ந்திருந்தாலோ உள்ளே முறிந்திருந்தாலோ இதே மாதிரி வரும். ஈசீஜி ஓடவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் நெஞ்சுக்கு முன் சேர்த்து முழுப்பலத்தோடு அழுத்தச் சொன்னால், துடிப்பு விடுபடுவது தெரியும். இரட்டை முனை உணர்வுக்கு மாற்றினால் பலருக்குத் தீரும். முறிந்த வயர் என்றால் வயரைத்தான் மாற்றவேண்டும்.

நடக்கும்போது எவ்வளவு ஏறினால் சரி?

சும்மா ஐந்து நிமிடம் இருந்து நாடியை முழு நிமிடம் எண்ணுங்கள். வழமையான நடையில் மூன்று நிமிடம், உடனே எண்ணுங்கள். 85க்கும் 100க்கும் இடையில் வந்தால் பெரும்பாலானோருக்கு நல்லது. பிறகு வேகமாக மூன்று நிமிடம், 100 முதல் 120. கடற்கரை மணலில் செய்யவேண்டாம், தட்டையான றோட்டில் செய்யுங்கள். முழுமையாகப் பார்க்க ட்ரெட்மில் உண்டு. 60 வயதுக்காரருக்கு உச்சம் 160, ஓய்வில் 60 என்றால் கையிருப்பு 100. அதில் 80 சதவீதம், அதாவது 140ஐ எட்டாவிட்டால் துடிப்பு ஏறாமை என்று கணிப்பார்கள். துடிப்பைக் குறைக்கும் பீற்றா புளொக்கர் குளிசை எடுப்பவர்களுக்கு இந்த அளவு பொருந்தாது. கீழறை தூண்டப்படும்போது ட்ரெட்மில் ஈசீஜியை வைத்து மாரடைப்பு அபாயத்தைச் சொல்ல முடியாது என்பதையும் தெரிந்துவைத்திருங்கள்.

விரலில் மாட்டும் கருவி 35 என்று காட்டினாலும், தலைசுற்றோ மயக்கமோ இல்லையென்றால் பதறவேண்டாம். இடையில் வரும் மேலதிகத் துடிப்புகள் பலவீனமாக இருந்தால் விரல்வரை எட்டாது, கருவி பாதியைத்தான் எண்ணும். ஈசீஜி எடுத்தால் தெரிந்துவிடும்.

துடிப்பைக் கூட்டிய பிறகு நடந்தால் நெஞ்சு நோகிறது.

நிறுத்துங்கள், அறிவியுங்கள். இதய இரத்தக் குழாய் அடைப்பு உள்ளவருக்கு வேகம் கூடினால் இதயத் தசையின் ஒட்சிசன் தேவை கூடுகிறது. அதேநேரம் அதற்கு இரத்தம் கிடைக்கும் தளர்வு நேரம் குறைகிறது. இவர்களுக்கு மேல் எல்லையை நோ வரும் வேகத்துக்குக் கீழே வைப்பார்கள்.

இரண்டு வயரும் உண்டு, எண்களும் சரி. முதல் வருடம் நன்றாக நடந்தேன், இப்போது மெல்ல மெல்ல இளைக்கிறது.

எக்கோ, அதாவது இதய ஸ்கான், எடுக்கவேண்டும். வலது கீழறை நுனியில் தூண்டும்போது மின்னோட்டம் இயற்கைப் பாதையால் போகாமல் தசைவழியே ஊர்ந்து இடப்பக்கம் வரும். இடது கீழறையின் ஒரு சுவர் முந்தியும் மறுசுவர் பிந்தியும் சுருங்கும். சிலரில் காலப்போக்கில் இதயம் பலவீனப்படும். 2002இல் வந்த டேவிட் ஆய்வில், பலவீனமான இதயத்தோடு, ஆபத்தான துடிப்பை மின்னதிர்ச்சியால் நிறுத்தும் டிஃபிபிரிலேற்றர் வைத்தவர்களில், டிடிடிஆர் 70இல் ஓடியவர்கள் விவிஐ 40இல் சும்மா காவல் நின்றவர்களைவிட மோசமானார்கள். தேவையில்லாமல் கீழறையைத் தூண்டியதுதான் அதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது.

ஆகவே சொந்த மின்பாதை வேலைசெய்கிறவருக்கு, அதாவது மேலறை முடிச்சு மட்டும் சோம்பியவருக்கு, கீழறையைத் தொடாமல் விடும் முறையைக் கேளுங்கள். ஏஏஐஆரில் ஓடி, தேவையானால் மட்டும் டிடிடிக்குத் தாவும் வசதி இப்போது பல மெஷின்களில் உண்டு. முழுப் புளொக் உள்ளவருக்கு அது ஏலாது. அவர் இதயம் பலவீனப்பட்டால் இரண்டு கீழறைகளையும் சேர்த்துத் தூண்டும் மெஷின் அல்லது இயற்கை மின்பாதையிலேயே வயரை நாட்டும் முறை உதவும். 2013இல் வெளியான புளொக் எச்எஃப் ஆய்வு, இத்தகையோருக்கு இரு கீழறைத் தூண்டல் மேலானது என்று காட்டியது.

ரிப்போர்ட்டில் 'கீழறைத் தூண்டல் சதவீதம்' என்று ஓர் எண் இருக்கும். அதை ஒவ்வொரு முறையும் கேட்டுக் கொப்பியில் எழுதுங்கள்.

ஒரு நாளில் எல்லாம் மாறிவிட்டது. முந்தாநாள்வரை நடந்தேன்.

பற்றரியாக இருக்கலாம். முடிவு நெருங்கியதும் சில கொம்பனிகளின் மெஷின்கள் தாமாகவே விவிஐ 65க்கு இறங்கும், சென்சரையும் மூடிவிடும். நாடி எப்போது எண்ணினாலும் 65 என்றால் இதை நினையுங்கள். இன்னொரு காரணம் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் தொடங்கியிருப்பது. மேலறை தாறுமாறாகத் துடிக்கும்போது மெஷின் அதைப் பின்தொடர்வதை நிறுத்தி வேறு முறைக்கு மாறிக்கொள்ளும். அது நிரந்தரமானால் விவிஐஆர்தான் பொருத்தம்.

கச்சான் காற்றுக் காலத்தில் மட்டும் ஏன் இவ்வளவு களைப்பு?

வியர்த்து நீர் குறைந்தால் இதயத்துக்குத் திரும்பிவரும் இரத்தம் குறையும், ஒரு துடிப்பில் தள்ளும் அளவும் குறையும். மற்றவர்களுக்குத் துடிப்பு ஏறி ஈடுகட்டும். உங்கள் சென்சருக்கு வெக்கை தெரியாது. காலை எட்டு மணிக்கு முன் நடையை முடியுங்கள். நீர்க்குளிசை எடுப்பவர்கள் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று டொக்டரிடம் கேட்டுவையுங்கள். கன்னியா வெந்நீர்க் கிணற்றில் குளித்துவிட்டு உடனே எழும்பி நடக்கவேண்டாம். சூட்டில் குழாய்கள் விரிந்து பிரஷர் விழும்.

கடலில் நீந்தலாமா? சுழியோடலாமா?

புண் முழுதாக ஆறும்வரை கடல் வேண்டாம். வைத்த பக்கத்துக் கையை முதல் நான்கு முதல் ஆறு கிழமை தோளுக்கு மேல் தூக்கவேண்டாம், பாரமும் வேண்டாம். அதற்காகக் கையை அசைக்காமலே கட்டிவைத்தால் தோள் இறுகிவிடும். பிறகு நீந்தலாம், புறாத்தீவில் மேலாக மிதந்து பவளப்பாறை பார்க்கலாம். தனியாகப் போகவேண்டாம். சிலிண்டரோடு ஆழம் போவது வேறு. ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். மெஷின் எவ்வளவு தாங்கும் என்பது மொடலுக்கு மொடல் மாறும். கொம்பனியின் எழுத்துமூல எல்லை கையில் இல்லாமல் இறங்கக்கூடாது.

எப்போது காத்திருக்கக்கூடாது?

மயங்கி விழுந்தால், ஓய்வில் நெஞ்சுநோ இருந்தால், கீழ் எல்லைக்கும் குறைவாக நாடி அடித்துத் தலைசுற்றினால், 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். வைத்த இடம் சிவந்து வீங்கினால், சீழ் வந்தால், விக்கல் போல வயிறு விடாமல் துடித்தால், அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள்.

கிளினிக்குக்கு என்ன கொண்டுபோவது?

மெஷின் கார்ட். ஒவ்வொரு கொம்பனிக்கும் புரோகிராமர் வேறு, கார்ட் இல்லாமல் போனால் எதைப் பூட்டுவது என்றே தெரியாது. குளிசைப் பட்டியல். அதோடு ஒரு கடதாசியில்: என்ன செய்தபோது, தொடங்கி எத்தனை நிமிடத்தில், மெல்லவா திடீரென்றா, அப்போது நாடி எவ்வளவு. 'களைப்பாக இருக்கு டொக்டர்' என்றால் குளிசையைப் பார்ப்பார்கள். 'சைக்கிளில் எட்டாவது நிமிடம், 120இலிருந்து 60க்கு விழுந்தது' என்றால் நேரே ஏவியையும் பீவார்ப்பையும் பார்ப்பார்கள். செட்டிங்கை மாற்றியதும் அப்படியே வீடு திரும்பாமல் வைத்தியசாலை நடைபாதையில் மூன்று நிமிடம் நடந்து, திரும்பவும் மெஷினைப் பார்க்கச் சொல்லுங்கள். நடந்தபோது எவ்வளவு ஏறியது என்று அதன் பதிவிலேயே இருக்கும்.